எத்தனை பேர்? என்ன பேர்?

சீன அரசு சொல்ல மறுத்த கணக்கைத் தானே எடுத்த கலைஞர் அய் வெய்வெய்

திரையில் ஒன்றும் தெரியவில்லை. கும்மிருட்டு. சத்தம் மட்டும் கேட்கிறது. யாரோ கதவை இடிக்கிறார்கள். யார் என்று உள்ளேயிருந்து ஒரு குரல். போலீஸ் என்று வெளியிலிருந்து பதில். போலீஸ் என்றால் அடையாளம் காட்டு என்கிறது உள்ளே இருக்கும் குரல். காட்டவில்லை. கதவு திறந்துகொள்கிறது. தள்ளுமுள்ளு, கத்தல், நடுவில் ஓர் அடி.

2009 ஆகஸ்ட் 12, அதிகாலை 3 மணி. இடம், சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவில் ஒரு ஹோட்டல். அடி வாங்கியவர் அய் வெய்வெய். அன்று காலை ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்திருந்தார். கோர்ட்டுக்குப் போகவிடாமல் பகல் முழுக்க அடைத்துவைத்தார்கள். நடுவில் அவர் செய்த காரியம்தான் உலகம் சுற்றியது. காவலர்கள் சூழ லிஃப்ட்டில் நின்றபோது, கண்ணாடிச் சுவரில் தெரிந்த காட்சியைச் சட்டென்று படமெடுத்துவிட்டார். பிடித்தவர்களும் பிடிபட்டவரும் ஒரே சட்டகத்தில். அந்தப் புகைப்படம் இன்று அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகிறது.

ஒரு மாதம் கழித்து, கண்காட்சி வேலையாக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தவருக்குத் தலைவலி தாங்கவில்லை. மூளைக்கருகே ரத்தக்கசிவு என்று கண்டுபிடித்து மருத்துவர்கள் உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே தன்னைப் படமெடுத்து இணையத்தில் போட்டார் மனிதர். செங்டுவில் நடந்ததை ‘லாவோ மா டி ஹுவா’ என்ற ஆவணப்படமாக்கினார். அது அந்த ஊரில் பிரசித்தமான பன்றிக்கால் சூப்பின் பெயர். படத்தை விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் டிவிடி போட்டு இலவசமாக அனுப்பினார்.

சிற்பி, கட்டடக்கலைஞர், புகைப்படக்காரர், எழுத்தாளர், ஆவணப்பட இயக்குநர் என்று அவருக்குப் பல முகவரிகள். இத்தனையும் எதற்கு என்று பார்த்தால், எல்லாமே ஒரே வேலைக்குத்தான். அரசு எண்ணாமல் விட்டதை அவர் எண்ணுகிறார். படம் எடுத்தாலும் சரி, இரும்புக் கம்பியை அடுக்கினாலும் சரி, அவர் கையில் இருப்பது ஒரு பேரேடு.

அப்பாவுக்குக் கழிப்பறை வேலை

1957ல் பெய்ஜிங்கில் பிறந்தார். அப்பா அய் சிங், நவீன சீனக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒருவர். 1930களில் தேசியவாதக் கட்சியான கோமிண்டாங்கின் ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. அவர் நம்பிச் சேர்ந்த கம்யூனிஸ்ட் கட்சி, மகன் பிறந்த சமயத்திலேயே ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தி ஊரைவிட்டுத் துரத்தியது. குடும்பம் ஷின்ஜியாங் பாலைவன ஓரத்தில் போய் விழுந்தது. கலாசாரப் புரட்சி நாட்களில் கவிஞருக்குக் கொடுத்த வேலை, பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்வது. குடியிருப்பு, நிலத்தில் தோண்டிய குழி. வீட்டில் இருந்த புத்தகங்களை அப்பாவும் மகனும் சேர்ந்து எரித்தார்கள். வைத்திருந்தால் ஆபத்து.

1976ல் பெய்ஜிங் திரும்பினார்கள். 1978ல் மகன் பெய்ஜிங் ஃபிலிம் அகாடமியில் சேர்ந்தார். பின்னாளில் பெரிய இயக்குநர்களான ஜாங் யீமூவும் சென் கைகேயும் சேர்ந்த அதே ஆண்டு. படிப்பு முடியும் முன்னே, 1981ல், அமெரிக்கா. நியூயார்க்கில் தெருவோரம் உட்கார்ந்து முகம் வரைந்து கொடுத்தார். கிடைத்த வேலையைச் செய்தார். அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளில் பிளாக்ஜாக் ஆடினார். ஆயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்துத் தள்ளினார். 1993ல் அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பினார்.

ஹான் வம்சத்து ஜாடி ஒன்றைக் கைநழுவவிட்டு உடைத்து, அதை மூன்று புகைப்படங்களாக்கியது 1995ல். ஜாடியின் வயது சுமார் 2,000 ஆண்டு. பழையதைத் திட்டமிட்டு அடித்து நொறுக்கிய கலாசாரப் புரட்சியைச் சொல்கிறார் என்று ஆதரவாளர்கள் விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்த ஜாடிக்காக வருத்தப்படுவதில் தப்பில்லை.

---

■ பெட்டிச் செய்தி: கையில் எடுத்த வேலைகள்

பறவைக்கூடு: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மைதானத்தை வடிவமைத்த சுவிஸ் நிறுவனம் ஹெர்சாக் – டி மொய்ரோனுக்குக் கலை ஆலோசகர். மைதானம் கட்டி முடிவதற்குள்ளேயே, ஒலிம்பிக் அரசின் விளம்பரம் என்று சொல்லி ஒதுங்கினார்.

தேவதைக் கதை: 2007ல் ஜெர்மனியின் காசெல் கலைவிழாவுக்கு 1,001 சாதாரண சீனர்களை அழைத்துப்போனார். விண்ணப்பித்தவர்களிடம் 99 கேள்வி கேட்டார். அந்தப் பயணமும் ஆவணப்படமானது.

சூரியகாந்தி விதைகள்: 2010, லண்டன் டேட் மாடர்ன். பீங்கானில் செய்து கையால் தீட்டிய 10 கோடி விதைகள். ஜிங்டெஜென் ஊரில் 1,600 கைவினைஞர்களின் உழைப்பு. மேலே நடக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். பீங்கான் தூசு உடம்புக்கு ஆகாது என்று சில நாட்களில் தடுத்துவிட்டார்கள்.

நூல்: அப்பா, தான், மகன் என்று மூன்று தலைமுறையைச் சொல்லும் தன்வரலாறு, 2021.

---

கதை இல்லாத படங்கள்

சினிமா படித்தவர்தான். ஆனால் அவருடைய முதல் படங்களைப் பார்த்தால் சினிமாவே பிடிக்காதவர் எடுத்ததுபோல இருக்கும். ‘பெய்ஜிங் 2003’: ஒரு வேனின் முன்பக்கம் கேமராவைப் பொருத்தி, நகரின் நான்காவது வட்டச்சாலைக்குள் உள்ள தெருக்களில் எல்லாம் ஓட்டினார். படத்தின் நீளம் 150 மணி நேரம். அடுத்தது ‘சாங்ஆன் அவென்யூ’: நகரைக் கிழக்கு மேற்காக அறுக்கும் பெருஞ்சாலையில் 50 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம். 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். பிறகு இரண்டாவது வட்டச்சாலையின் 33 பாலங்கள், பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம், ஆக 66 நிமிடம்.

யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், முழுதாக யாரும் பார்க்க மாட்டார்கள். ஒலிம்பிக்குக்காக பெய்ஜிங் தன் பழைய சந்துகளை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு அந்தத் தெருக்களில் பல இல்லை. அவர் வேனில் பதிவான காட்சி இருக்கிறது. அழகு, கதை, இசை எதற்கும் இடம் கொடுக்காமல், விட்டுப்போகாமல் பதிவது என்ற பழக்கம் இங்கேதான் அவருக்குக் கைவந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பழக்கத்துக்கு வேறொரு தேவை வந்தது.

மண்ணுக்குள் புத்தகப் பைகள்

2008 மே 12, பிற்பகல் 2:28. சிச்சுவானில் நிலநடுக்கம். ஏறக்குறைய 70,000 பேர் இறந்தார்கள். பள்ளி நேரம். பல ஊர்களில் பக்கத்துக் கட்டடங்கள் நிற்க, பள்ளிக்கூடம் மட்டும் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. சிமெண்ட் போதாது, கம்பி போதாது, கான்ட்ராக்ட்டில் கமிஷன் போயிருக்கிறது என்று பெற்றோர் கொதித்தார்கள். எத்தனை குழந்தைகள் செத்தார்கள் என்ற கேள்விக்கு அரசிடமிருந்து பதில் இல்லை. கேட்ட பெற்றோரை மிரட்டினார்கள். வாயை மூடிக்கொள்ளப் பணம் கொடுத்தார்கள்.

நிலநடுக்கம் முடிந்த சில வாரங்களில் அய் வெய்வெய் அங்கே போனார். இடிபாடுகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த பென்சில் பெட்டிகளும் புத்தகப் பைகளும் கேமராவில் பதிந்தன. டிசம்பரில் தன் வலைப்பூ மூலம் ஆள் திரட்டினார். தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய், வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள்: குழந்தையின் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு? போலீஸ் அவர்களைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தது, குறிப்பேடுகளைப் பறித்தது, ஊரைவிட்டு அனுப்பியது. அவர்கள் மறுபடி போனார்கள். இந்த அலைச்சலும் பெற்றோரின் வாக்குமூலங்களும் ‘ஹுவா லியன் பா எர்’ என்ற படத்தில் இருக்கின்றன. அதில் அய் வெய்வெய் பெரிதாகப் பேசுவதில்லை. பேசுவது பெற்றோர்.

முதலாண்டு நினைவுநாள் நெருங்கியபோது அரசு வாயைத் திறந்தது. இறந்த, காணாமல் போன மாணவர்கள் 5,335 பேர் என்று அறிவித்தது. எண்ணைச் சொன்னார்கள், பெயர்களைச் சொல்லவில்லை. அய் வெய்வெய் அப்போது தன்னிடமிருந்த 4,851 பெயர்களை வைத்து ‘4851’ என்று ஒரு படமே வெளியிட்டார். திரையில் பெயர்கள் ஓடுகின்றன, அவ்வளவுதான். விசாரணை தொடர்ந்தது. பின்னாளில் கண்காட்சிச் சுவர்களை அடைத்த பட்டியலில் 5,196 பெயர்கள். ட்விட்டரில் ஒவ்வொரு குழந்தையின் பிறந்தநாளன்றும் அந்தப் பெயரைப் போட்டுவந்தார்.

2009 மே மாதக் கடைசியில் அவருடைய வலைப்பூ மூடப்பட்டது. பள்ளிக் கட்டடங்களைப் பற்றித் தனியாக விசாரித்துக்கொண்டிருந்த செங்டு எழுத்தாளர் டான் ஸுவோரென் மீது, ஆட்சிக் கவிழ்ப்புக்குத் தூண்டியதாக வழக்கு. அந்த வழக்குக்குத்தான் அய் வெய்வெய் சாட்சி சொல்லப் போய் அடி வாங்கினார். டான் ஸுவோரெனுக்கு ஐந்தாண்டுச் சிறை.

அதன் பிறகு வந்த சிற்பங்களை இந்தக் கதை தெரியாமல் பார்க்கவே முடியாது. மியூனிக் கலைக்கூடத்தின் முகப்பை 9,000 புத்தகப் பைகளால் மூடினார். மகளை இழந்த ஒரு தாய் சொன்ன வாக்கியத்தைப் பைகளின் வண்ணத்திலேயே எழுதியிருந்தார். இடிந்த பள்ளிகளிலிருந்து வளைந்து முறுக்கிய கம்பிகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி பெய்ஜிங்குக்குக் கொண்டுவந்தார். பட்டறையில் தொழிலாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி நேராக்கினார்கள். வருடக்கணக்கில் நடந்த வேலை. 2013ல் வெனிஸில் அடுக்கிவைத்தபோது எடை 150 டன். தரையில் துருப்பிடித்த அலைபோலக் கிடந்தது. நடுவே ஒரு பிளவு. நிமிர்த்திய கம்பிகளுக்குப் பக்கத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தால்தான் அந்த வேலைக்கு உயிர். பட்டியல் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் குவியல் என்பது என் கட்சி.

81 நாள்

2011 ஜனவரியில் ஷாங்காயில் அவர் கட்டியிருந்த ஸ்டுடியோவை ஒரே நாளில் இடித்துத் தள்ளினார்கள். ஏப்ரல் 3 அன்று ஹாங்காங் விமானம் ஏறப்போனவரை பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று தாய்க்கும் மனைவிக்கும் தெரியாது. அவரோடு வேலை பார்த்த கணக்காளர், ஓட்டுநர், பத்திரிகையாளர், வடிவமைப்பாளர் என நால்வரையும் கொண்டுபோனார்கள். அய் வெய்வெய்க்குக் கட்டியதுபோல அவர்களுக்காக எந்த வெளிநாட்டு அருங்காட்சியகமும் பதாகை கட்டவில்லை.

சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. இரவும் பகலும் விளக்கு. இரண்டு காவலர்கள் எந்நேரமும் பக்கத்தில். தூங்கும்போது, சாப்பிடும்போது, குளிக்கும்போது, கழிப்பறையில் உட்காரும்போதும். 81 நாள் கழித்து ஜூன் 22ல் விட்டார்கள். கையில் கேமரா இல்லாமல் அந்த அறையை அவர் எப்படிப் பதிவுசெய்தார் தெரியுமா? நினைவிலிருந்து. ஆறு இரும்புப் பெட்டிகள். உள்ளே பாதி அளவில் அறை, அவர், காவலர்கள். பார்க்க ஒரு சின்னத் துவாரம். வெனிஸில் ஒரு தேவாலயத்துக்குள் அந்தப் பெட்டிகளை வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து எட்டிப்பார்க்கும் வேவுகாரர்கள் ஆனார்கள்.

வெளியே வந்த பிறகும் பாஸ்போர்ட் இல்லை. வீட்டைச் சுற்றிலும் கண்காணிப்புக் கேமராக்கள். கைதின் முதலாண்டு நினைவாகத் தன் வீட்டுக்குள்ளேயே, படுக்கைக்கு மேலேயும் சேர்த்து, நான்கு கேமரா வைத்து இணையத்தில் நேரலை ஓட்டினார். பாதுகாப்புக்குத்தானே பார்க்கிறீர்கள், நன்றாகப் பாருங்கள் என்ற கிண்டல் அது. இரண்டு நாள் முடிவதற்குள் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. 2013 நவம்பர் முதல் தினமும் காலையில் ஸ்டுடியோ வாசலில் நின்ற சைக்கிள் கூடையில் ஒரு பூங்கொத்து வைத்தார். 2015 ஜூலையில் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றோடு பூ நின்றது.

---

■ பெட்டிச் செய்தி: மதில் தாண்டி விழுந்த பணம்

விடுதலையான பிறகு, அவருடைய வேலைகளைக் கவனித்துவந்த நிறுவனம் வரி ஏய்த்தது என்று சொல்லி அரசு கேட்ட தொகை சுமார் 1.5 கோடி யுவான். செய்தி பரவியதும் ஆட்கள் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். தபாலில் வந்தது, வங்கியில் வந்தது. சிலர் நோட்டைக் காகித விமானமாக மடித்து மதிலுக்கு மேலே உள்ளே விட்டார்கள். சுமார் 30,000 பேர், ஏறக்குறைய 90 லட்சம் யுவான். நன்கொடை வேண்டாம், கடன்தான் என்றார் அய் வெய்வெய். கொடுத்தவர்களுக்குக் கடன் சீட்டு எழுதி அனுப்பினார். மேல்முறையீட்டுக்கு வைப்புத்தொகை அதிலிருந்து கட்டப்பட்டது. வழக்கில் தோற்றார்கள்.

---

அகதி முகாமும் அந்த ஒரு படமும்

பெர்லின் வந்து சேர்ந்தது 2015ல். சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் படகுகள் கிரேக்கத் தீவுகளில் வந்து ஒதுங்கிய நேரம். லெஸ்போஸ் தீவில் ஸ்டுடியோ போட்டார். கரையில் குவிந்த 14,000 உயிர்காப்பு உடைகளை பெர்லின் இசை அரங்கின் தூண்களில் கட்டினார். 23 நாடுகளில், சுமார் 40 முகாம்களில் எடுத்த ‘ஹியூமன் ஃப்ளோ’ 2017 வெனிஸ் விழாவில் போட்டியிட்டது.

மேலேயிருந்து ட்ரோன் எடுத்த முகாம்கள் புள்ளிக்கோலம்போல விரிகின்றன. நெருங்கும்போது புள்ளிகள் ஆட்களாகின்றன. காசா உயிரியல் பூங்காவில் மெலிந்துபோன ஒரு புலியை வெளியேற்றித் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். புலிக்கு எல்லாத் தரப்பின் அனுமதியும் கிடைக்கிறது. அதே எல்லைக்குள் மனிதர்கள் காத்துக்கிடக்கிறார்கள். படத்தில் இதைவிட வலுவான காட்சி இல்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி உறுத்துகிறது. கிரேக்க முகாமில் ஒரு சிரிய அகதியோடு பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்வதாக விளையாடுகிறார் இயக்குநர். என் பெர்லின் ஸ்டுடியோவை எடுத்துக்கொள், உன் கூடாரத்தை எனக்குக் கொடு என்கிறார். அகதி அதை நிஜமாகவே எடுத்துக்கொள்ளத் தயார். இவரால் கொடுக்க முடியாது. இருவருக்கும் அது தெரியும். காட்சியை வெட்டாமல் வைத்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் அந்த விளையாட்டுக்கு அங்கே என்ன வேலை?

பெரிய சர்ச்சை 2016ல் வந்தது. துருக்கிக் கடற்கரையில் குப்புற ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகத்தையே உலுக்கியிருந்தது. அதே மாதிரி லெஸ்போஸ் கற்களின் மேல் தான் குப்புறப் படுத்து அய் வெய்வெய் படம் எடுத்துக்கொண்டார். எடுத்தது ‘இந்தியா டுடே’ இதழுக்காக. டெல்லி கலைச் சந்தையிலும் வைத்தார்கள். வசவுகள் வந்து விழுந்தன, நியாயமாகவே. சிச்சுவான் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைத் தேடிக் கொடுத்தவர், இங்கே பெயர் தெரிந்த ஒரு குழந்தையின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார். அவர் வேலை வலுவிழக்கும் இடங்களில் எல்லாம் இதுதான் காரணம். சட்டகத்துக்குள் அவர் அதிகம் இருக்கிறார்.

யாருக்கும் வேண்டாத படம்

2020 ஜனவரியில் வூஹான் நகரம் பூட்டப்பட்டது. அய் வெய்வெய் ஐரோப்பாவில் இருந்தார். உள்ளே இருந்தவர்கள் எடுத்து அனுப்பிய காட்சிகளைத் தொகுத்து ‘கொரோனேஷன்’ செய்தார். தற்காலிக ஆஸ்பத்திரி கட்டுவதற்காக வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி, வேலை முடிந்தும் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் வாகன நிறுத்தத்தில் தன் காருக்குள் வாழ்கிறார். அப்பாவின் அஸ்தியை வாங்கப்போகும் மகனிடம், கூட ஓர் அதிகாரி வந்தால்தான் தருவோம் என்கிறார்கள். கட்சி உறுப்பினரான ஒரு மூதாட்டி அரசை விட்டுக்கொடுக்காமல் மகனோடு வாதாடுகிறார். நாட்கணக்கில் எழும்பிய ஆஸ்பத்திரியின் வேகமும் அதில் இருக்கிறது. அரசின் திறமையையும் அதன் இரக்கமின்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தீர்ப்பு சொல்லாமல் படம் நகர்கிறது.

பெரிய திரைப்பட விழாக்களும் ஓடிடி நிறுவனங்களும் முதலில் ஆர்வம் காட்டிப் பிறகு பின்வாங்கின என்றார் அய் வெய்வெய். சீனச் சந்தையை இழக்கும் பயம்தான் காரணம் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆகஸ்டில் இணையத்தில் தானே வெளியிட்டார்.

2018ல் பெய்ஜிங்கிலிருந்த அவருடைய இன்னொரு ஸ்டுடியோவும் முன்னறிவிப்பில்லாமல் இடிக்கப்பட்டது. 2021ல் திறந்த ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகம், தியானென்மென் சதுக்கத்துக்கு அவர் நடுவிரல் காட்டும் புகைப்படத்தைத் தன் சேகரிப்பில் வைத்திருந்தும் சுவரில் மாட்டவில்லை. இது பெய்ஜிங்கோடு நிற்கும் சங்கதியும் இல்லை. 2023 நவம்பரில், இஸ்ரேல் – காசா போர் குறித்து அவர் போட்ட ஒரு பதிவுக்குப் பிறகு லண்டன் லிசன் காலரி அவருடைய கண்காட்சியை நிறுத்திவைத்தது. பதிவை அவர் நீக்கிவிட்டிருந்தார். பெர்லினை விட்டு கேம்பிரிட்ஜ், அங்கிருந்து போர்ச்சுகல் கிராமப்புறம் என்று அவர் வீடு மாறிக்கொண்டே வந்ததற்கும் இதுபோன்ற உரசல்களுக்கும் சம்பந்தம் உண்டு. ஜெர்மனியைப் பற்றி அவர் சொன்ன கசப்பான வார்த்தைகளை ஜெர்மானியர்கள் மறக்கவில்லை.

அவருடைய படங்களில் முதலில் எதைப் பார்ப்பது? ‘ஹியூமன் ஃப்ளோ’ பிரம்மாண்டம், ஆனால் சிதறுகிறது. 150 மணி நேர பெய்ஜிங் படத்தைப் பார்க்கச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். ‘கொரோனேஷன்’ பாருங்கள். அய் வெய்வெய் ஒரு நொடிகூடத் திரையில் வராத படம், அவருடைய நல்ல படம். ஓடும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவு.